டோக்கன்கள் பாலம் கடக்கின்றனவா?



கிண்டி ரயில் நிலையத்தின் பக்கம் காலை வேளையில் போனால் ஒரு காட்சியைக் காணலாம். பலர் தங்கள் வண்டிகளை வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, ஒரு துண்டுச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். மாலையில் திரும்பி வந்து சீட்டை நீட்டினால் வண்டி கிடைக்கும். பகல் முழுவதும் அவர்கள் பையில் இருப்பது வண்டியன்று. வண்டி தமக்குரியது என்பதற்கான சாட்சி. "என் ஸ்கூட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பூர் போய் வந்தேன்" என்று யாராவது சொன்னால் நாம் சிரித்துவிடுவோம் அல்லவா?

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏறத்தாழ இதையேதான் என்னிடம் சொன்னான். "மாமா, என் டோக்கனை ஒரு செயினிலிருந்து இன்னொரு செயினுக்கு அனுப்பிவிட்டேன். இருபது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது!" அவன் கையாண்டவை விலை மதிப்பில்லாத பயிற்சி டோக்கன்கள்தாம். ஆயினும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் கணினித் துறையில் இருக்கும் பெரியவர்களே "அனுப்புகிறோம்", "கடத்துகிறோம்" என்றுதான் பேசுகிறார்கள். அந்த ஒரு சொல்லை நம்பியதால் உலகில் பல கோடி டாலர்கள் பறிபோயிருக்கின்றன. எதுவும் அனுப்பப்படுவதில்லை என்பதை உங்களுக்கு விளக்குவதும், அதை அறிந்த பிறகு நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற என் கருத்தைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

டோக்கன் என்பது ஒரு வரி

பிளாக்செயின் என்பதை ஒரு பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் இருக்கும் பற்றுவரவு நோட்டைப் போன்றதுதான். ஆனால் இதன் நகல்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. புதிய பக்கம் ஒன்று எழுதப்படும்போது அதற்கு முந்தைய பக்கத்தின் சுருக்க அடையாளமும் அதில் சேர்த்து எழுதப்படுகிறது. ஆகவே பழைய பக்கம் ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் பக்கங்கள் எல்லாமே பொருந்தாமற் போய்விடும். 2009ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் இவ்வகையில் முதலாவது. 2015 ஜூலையில் தொடங்கிய எத்தீரியம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பேரேட்டுக்குள்ளேயே சிறு நிரல்களை எழுதி வைக்கலாம். யாராவது அவற்றை அழைத்தால் அவை தாமாகவே இயங்கிக் கணக்கை மாற்றும். இந்நிரல்களுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர். தன்னியக்க ஒப்பந்தம் என்று நாம் சொல்லலாம்.

அப்படியானால் டோக்கன் என்பது என்ன? அது நாணயமும் அன்று, தாளும் அன்று. "இந்த முகவரிக்கு இத்தனை" என்று ஓர் ஒப்பந்தத்தின் கணக்கில் எழுதப்பட்டுள்ள ஒரு வரி, அவ்வளவுதான். உங்கள் வீட்டு மளிகைக் கணக்கு எழுதிய வரியைக் கத்தரித்து, அடுத்த தெருக் கடையின் நோட்டில் ஒட்டினால் அந்தக் கடைக்காரர் ஏற்றுக்கொள்வாரா? மாட்டார். அதுபோலவே ஒரு பிளாக்செயினில் உள்ள டோக்கன் அந்தப் பேரேட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவே முடியாது.

ஒரு பேரேட்டில் உள்ள ஒப்பந்தம் மற்றொரு பேரேட்டை எட்டிப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒப்பந்தத்தை ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியே இயக்கிப் பார்க்கின்றன. அனைத்துக்கும் ஒரே விடை வந்தாக வேண்டும். இன்று இயக்கினாலும் பத்து ஆண்டு கழித்து இயக்கினாலும் அதே விடை வரவேண்டும். வெளியே எட்டிப் பார்க்க அனுமதித்தால் ஒரு கணினி பார்த்த நேரத்தில் ஒரு விடையும், மற்றொன்று பார்த்த நேரத்தில் வேறொரு விடையும் வரக்கூடும். பிறகு பேரேடு ஒன்றாக இருக்காது. எனவே ஒப்பந்தத்துக்குக் கண் இல்லை. தன் பேரேட்டில் இருப்பதும், யாராவது கொண்டுவந்து கொடுப்பதும் மட்டுமே அதற்குத் தெரியும். இந்தக் குருட்டுத்தன்மைதான் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர்.

பாலம் என்ன செய்கிறது?

இனிப் பாலத்துக்கு வருவோம். முதல் பேரேட்டை 'அ' என்றும் இரண்டாவதை 'ஆ' என்றும் கொள்வோம். பாலம் என்பது இரு கரைகளிலும் உள்ள இரண்டு ஒப்பந்தங்களும், இடையே செய்தி கொண்டு செல்பவர்களும் சேர்ந்த ஏற்பாடு. அதன் வேலை ஐந்து படிகளில் நடக்கிறது.

முதற்படி, அனுமதி. என் டோக்கனில் இத்தனை எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் பாலத்தின் ஒப்பந்தத்துக்கு உரிமை எழுதித் தருகிறேன்.

இரண்டாம் படி, அழைப்பு. பாலத்தின் ஒப்பந்தத்தை அழைத்து, எந்த டோக்கன், எவ்வளவு, 'ஆ' கரையில் எந்த முகவரிக்கு என்னும் மூன்று விவரங்களைக் கொடுக்கிறேன். ஒப்பந்தம் என் டோக்கனைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறது. பூட்டியதைப் பற்றிப் பேரேட்டில் ஒரு குறிப்பும் எழுதுகிறது.

மூன்றாம் படி, காத்திருத்தல். புதிதாக எழுதிய பக்கம் சிற்சில வேளைகளில் மாறிப் போகலாம். இனி மாறாது என்று உறுதிப்படும் வரை பொறுக்க வேண்டும். எத்தீரியத்தில் 12 வினாடிக்கு ஒரு பக்கம். 32 பக்க இடங்கள் சேர்ந்தது ஒரு காலகட்டம். இயல்பாக இரண்டு காலகட்டங்கள் கழிய வேண்டும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 12 × 32 × 2 = 768 வினாடி; அதாவது ஏறத்தாழ 13 நிமிஷம். எங்கள் தெரு மாணவன் இருபது நிமிஷம் காத்திருந்ததன் காரணத்தில் ஒரு பகுதி இதுவே.

நான்காம் படி, சாட்சி. 'அ' கரையைக் கண்காணிக்கும் சாட்சிகள் சிலர் "ஆம், பூட்டப்பட்டது உண்மை" என்று தங்கள் இரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறார்கள். சாட்சிகள் என்றால் மனிதர்கள் நாள் முழுவதும் விழித்திருக்கிறார்கள் என்று பொருளன்று. அவர்களுடைய கணினிகளே இதைச் செய்கின்றன.

ஐந்தாம் படி, அச்சிடுதல். கையொப்பங்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று 'ஆ' கரையின் ஒப்பந்தம் சரிபார்க்கிறது. இருந்தால் அதே எண்ணிக்கையில் புதிய டோக்கன்களை உண்டாக்கி என் முகவரியில் வரவு வைக்கிறது.

திரும்பி வரும்போது இதன் தலைகீழ் வரிசை. 'ஆ' கரையில் உள்ளதை அழிக்க வேண்டும். அழித்ததற்குச் சாட்சி கிடைத்த பின் 'அ' கரையில் பூட்டு திறக்கும்.

இப்போது வாகன நிறுத்துமிடத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி கிண்டியிலேயே நிற்கிறது. கையில் இருப்பது சீட்டு. 'ஆ' கரையில் நான் வைத்திருக்கும் டோக்கனும் சீட்டேதான். இத்தகைய எல்லாப் பாலங்களும் நச்சரிக்காமல் காக்க வேண்டிய சமன்பாடு ஒன்று உண்டு:

'அ' கரையில் பூட்டியிருப்பது = 'ஆ' கரையில் அச்சிட்டிருப்பது.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு! இந்தச் சமன்பாடு உடைந்த நாளில் சீட்டு வெறுங்காகிதம் ஆகிவிடும்.

பாட்டனார் காலத்துப் பாலம்

இப்படி ஓர் ஏற்பாடு தமிழர்களுக்குப் புதிதன்று. உண்டியல் என்றால் இன்று கோயிலில் காணிக்கை போடும் பெட்டி நினைவுக்கு வருகிறது. ஆனால் வணிகர்களின் வழக்கில் உண்டியல் என்பது பணம் கொடுக்கச் சொல்லும் ஓலை. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் இதைப் பெரிதும் கையாண்டார்கள். ஓர் ஊர்க் கடையில் பணம் கட்டினால் ஒரு தாள் தருவார்கள். அதை ரங்கூனில் உள்ள கடையில் காட்டிப் பணம் பெறலாம். பணமூட்டை கப்பலேறவில்லை. இரண்டு ஊர்களில் இரண்டு பேரேடுகள். இடையே ஒரு தாள். இரு கடைகளும் பின்னர் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். (இன்று உரிமம் இல்லாமல் நாடு விட்டு நாடு உண்டியல் முறையில் பணம் மாற்றுவது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.)

அந்தப் பாலத்தைத் தாங்கிய தூண் எது? கடைக்காரரின் பெயர். பெயர் கெட்டால் தொழில் கெடும் என்ற அச்சம். தாள் பொய்த்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றைய பாலத்திலோ கதவும் இல்லை, வீடும் இல்லை. "மனிதரை நம்ப வேண்டாம், கணிதத்தை நம்புங்கள்; கணிதம் பொய் சொல்லாது" என்கிறார்கள். கணிதம் பொய் சொல்லாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் நடப்பது கணிதத்தின் மேலா, அல்லது யாரோ அவசரமாக எழுதிய நிரலின் மேலா என்பதுதான் என் கேள்வி.

சமன்பாடு உடைந்த கதைகள்

நடந்தவற்றையே பார்ப்போம்.

2022 பிப்ரவரி 2 அன்று வார்ம்ஹோல் என்னும் பாலத்தில் ஒருவர் 1,20,000 ஈத்தர் டோக்கன்களைப் பூட்டாமலேயே மறுகரையில் அச்சிட்டுக்கொண்டார். கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியில் ஓட்டை இருந்தது. போலிச் சாட்சியை ஒப்பந்தம் மெய்யென்று ஏற்றது. அன்றைய மதிப்பில் இழப்பு சுமார் 32 கோடி டாலர்.

அடுத்த மாதமே, மார்ச் 23 அன்று, ரோனின் பாலத்தில் பெருங்கொள்ளை நடந்தது. ஆக்ஸி இன்ஃபினிட்டி என்னும் கணினி விளையாட்டுக்காக வியட்நாம் நிறுவனம் ஒன்று அமைத்த பாலம் இது. விளையாட்டு என்றதும் உங்கள் வயதினர் எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இதற்குச் சாட்சிகள் ஒன்பது. ஐவர் கையொப்பம் இட்டால் பூட்டு திறக்கும். கேட்பதற்குப் பாதுகாப்பாகத்தானே இருக்கிறது? ஆனால் ஒன்பதில் நான்கு சாவிகள் அந்த ஒரே நிறுவனத்திடம் இருந்தன. 2021 நவம்பரில் வேலைப்பளு கூடியபோது, ஐந்தாவது சாட்சியின் சார்பாகக் கையொப்பம் இட அந்த நிறுவனத்துக்கு அனுமதி தரப்பட்டது. டிசம்பரில் அந்தத் தேவை முடிந்தது. அனுமதியை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. திருடர்கள் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். ஐந்து சாவிகள் கிடைத்தன. 1,73,600 ஈத்தரும் 2 கோடியே 55 லட்சம் டாலர் மதிப்புள்ள டோக்கன்களும் போயின. மொத்த மதிப்பு 60 கோடி டாலருக்கு மேல். இதைச் செய்தது வடகொரியாவைச் சேர்ந்த குழு என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை அறிவித்தது. எல்லாவற்றிலும் வியப்பு எது தெரியுமா? பெட்டி காலியானதை ஆறு நாள்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் தம் டோக்கனைத் திரும்பப் பெற முயன்று அது கிடைக்காதபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று நோமாட் என்னும் பாலம் விழுந்தது. நிரலைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழையால், வெறும் பூஜ்யத்தையும் செல்லத்தக்க சான்றாக ஒப்பந்தம் ஏற்கத் தொடங்கியது. ஒருவர் இதைக் கண்டுபிடித்துப் பணத்தை எடுத்தார். மற்றவர்கள் அவருடைய அழைப்பை அப்படியே நகலெடுத்து, முகவரியை மட்டும் மாற்றித் தாங்களும் எடுத்தார்கள். கணிதம் தெரிந்திருக்கவேண்டிய தேவைகூட இல்லை. சுமார் 19 கோடி டாலர் கரைந்தது.

நான்காவது கதை நம் நாட்டைச் சார்ந்தது, நல்லபடியாக முடிந்தது. 2017இல் இந்தியாவில் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கி இன்று பாலிகன் எனப்படும் பிளாக்செயினை அறிந்திருப்பீர்கள். அதன் பாலங்களில் ஒன்றில், டோக்கனை அழித்ததற்கான சான்றைக் காட்டினால் பூட்டு திறக்கும். ஒரு சான்றை ஒரு முறைதான் காட்டலாம். ஆனால் அதே சான்றைச் சற்றே வேறு வடிவில் எழுதினால் அதைப் புதிய சான்று என்று ஒப்பந்தம் எண்ணிவிடும் என்பதை 2021 அக்டோபரில் ஓர் ஆய்வாளர் கண்டார். ஒரே சான்றை இருநூறு தடவைக்கு மேல் காட்டியிருக்கலாம்! ஆபத்தில் இருந்த தொகை சுமார் 85 கோடி டாலர். அவர் அதைத் திருடவில்லை, நிறுவனத்துக்குத் தெரிவித்தார். பிழை திருத்தப்பட்டது. அவருக்கு 20 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது.

நான்கையும் சமன்பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் பூட்டாமல் அச்சிட்டார்கள். இரண்டாவதில் அழிக்காமல் திறந்தார்கள். மூன்றாவதில் சான்றே இல்லாமல் திறந்தார்கள். நான்காவதில் ஒரு சான்றைப் பலமுறை காட்ட வழி இருந்தது. பிட்காயினோ எத்தீரியமோ எந்தப் பேரேடும் இவற்றில் உடைபடவில்லை. பேரேட்டுக் கணிதம் உறுதியாகத்தான் நின்றது. உடைந்தது இரண்டுக்கும் இடையே உள்ள இடம்.

அடையாற்றுப் பாலமும் இந்தப் பாலமும்

கிண்டியில் வாழும் எனக்குப் பாலம் என்றவுடன் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலந்தான் நினைவுக்கு வரும். அதன் தூண்களை யாரும் நின்று எண்ணலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் ஏறி வந்தபோது அதன்மேல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. நிறுத்துவதற்கு அதிகாரம் உள்ளவர் ஒருவர் இருந்தார்.

இங்கே உள்ள பொறியியற் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920இல் கிண்டிக்கு வந்தது. கட்டுமானப் பொறியியல் படிக்கும் மாணவருக்கு அங்கே முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று பாதுகாப்புக் காரணி. பத்து டன் ஏறும் பாலத்தைப் பத்து டன்னுக்கு மட்டும் கட்டக்கூடாது. அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படி கட்ட வேண்டும். ஒரு தூண் சரிந்தால் மற்றவை தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். ரோனின் பாலத்தில் ஒன்பது தூண்கள் என்று எல்லோரும் எண்ணினார்கள். அவற்றில் ஐந்து ஒரே அடித்தளத்தின் மேல் நின்றன. கிண்டியில் படிக்கும் எந்தக் கட்டுமானப் பொறியியல் மாணவனும் இப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தால் அவனுடைய ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார்!

என் கருத்து இதுதான். மக்களின் பணம் ஏறும் நிரலும் பொறியியற் கட்டுமானமே. அடையாற்றின் மேல் பாலம் கட்டுபவரிடம் நாம் எதிர்பார்க்கும் கட்டுப்பாட்டை இதனிடமும் எதிர்பார்க்க வேண்டும். வரைபடத்தை வெளியிட வேண்டும். பிறர் சோதிக்க வேண்டும். பூட்டியதும் அச்சிட்டதும் சமமா என்பதை ஒவ்வொரு நிமிஷமும் கணினியே பார்த்து, சமமில்லை என்றால் தானே நின்றுவிட வேண்டும். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் வெளியே போகாது என்று வரம்பு வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் செய்ய முடியாத வேலை அன்று.

மறுப்புகள் இரண்டு

"சாட்சிகளே வேண்டாம், ஒரு பேரேட்டின் பக்கங்களை மற்றொரு பேரேட்டின் ஒப்பந்தமே கணித முறையில் சரிபார்க்கும்படி செய்யலாமே?" என்று விவரம் அறிந்த மாணவர்கள் கேட்பார்கள். செய்யலாம், செய்கிறார்கள். அதுவே சிறந்த திசை என்பது என் எண்ணம். ஆனால் அதற்குக் கணக்கீட்டுச் செலவு மிகுதி, நிரலும் சிக்கலானது. பாலிகன் கதையில் சரிபார்த்தது நிரல்தான் என்பதை மறவாதீர்கள். மனிதப் பிழை விலகிவிடவில்லை. சாவி வைத்திருப்பவரிடமிருந்து நிரல் எழுதியவரிடம் இடம் மாறியது.

"இவ்வளவு ஆபத்து என்றால் பாலமே வேண்டாம், பிளாக்செயினும் வேண்டாம்" என்பது மற்றொரு மறுப்பு. பெற்றோர் பலர் இதைச் சொல்வார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. தமிழ்நாடு அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சான்றிதழ்கள், பதிவேடுகள் ஆகியவற்றைத் திருத்த முடியாதபடி காப்பதற்கு இது உதவும். நாளை ஒரு துறையின் பேரேடும் மற்றொரு துறையின் பேரேடும் பேசிக்கொள்ள நேரும். அப்போதும் இடையே ஒரு பாலம் தேவைப்படும். அதைச் சரியாகக் கட்டத் தெரிந்தவர்கள் உங்களிடையே இருந்துதான் வரவேண்டும். பயந்து விலகியவர்கள் கட்ட மாட்டார்கள். கண்மூடி நம்பியவர்களும் கட்ட மாட்டார்கள்.

சாவி யார் கையில்?

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்ற நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் திருடு போயின. அது பாலம் அன்று. ஆனால் அங்கும் பலர் கையொப்பமிட்டால் திறக்கும் பெட்டிதான் இருந்தது. திருடு போகாத டோக்கன் வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அவ்வாறு முடங்கிய ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய டோக்கனும் ஒரு சொத்துதான், பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கத் தக்க சொத்து என்று கூறியது. கணிதத்தை நம்பிப் புறப்பட்ட பயணம், கடைசியில் பாரிமுனையில் உள்ள நீதிமன்றத்தின் படியேறித்தான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது! பொறுப்பு என்ற பழைய சொல்லிலிருந்து நாம் தப்பவே முடியாது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல விரும்புபவை சிலவே.

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆனால் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் உங்கள் வயதைக் கேட்பதில்லை. அழைத்தால் இயங்கிவிடும், இயங்கியது திரும்பாது. ஆதலால் வீட்டுப் பணத்தை, அப்பாவின் கைபேசியில் உள்ள பணத்தை, இதில் தொடாதீர்கள். கற்க விரும்பினால் பயிற்சிப் பேரேடுகள் இருக்கின்றன. எத்தீரியத்துக்குச் செபோலியா என்று ஒன்று உண்டு. அங்கே டோக்கனுக்கு விலையில்லை, பிழைக்கும் விலையில்லை.

அனுமதி கொடுக்கும் முதற்படியில் கவனமாய் இருங்கள். பல நிரல்கள் வசதிக்காக வரம்பற்ற அனுமதி கேட்கும். பத்து டோக்கன் பூட்டப் போகிறவர் பத்துக்கு மட்டுமே அனுமதி தரவேண்டும். வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு மாதத்துக்குத் தந்த அனுமதியை மறந்ததால் 60 கோடி டாலர் போன கதையை மேலே படித்தீர்கள்.

எந்தப் பாலத்தைக் கண்டாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். அசல் எங்கே பூட்டப்படுகிறது? பூட்டியதை யார் பார்த்துச் சொல்கிறார்கள்? சாவிகள் எத்தனை, உண்மையில் எத்தனை பேர் கையில்? கணக்குப் பொருந்தாவிட்டால் நிறுத்துவது யார்? விடை கிடைக்காத பாலத்தில் ஏற வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இதைக் கற்பிக்கக் கணினி ஆய்வகம் தேவையில்லை. இரண்டு நோட்டுப் புத்தகங்களும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். ஒரு வகுப்பின் இரு பிரிவுகளை இரு பேரேடுகளாக்குங்கள். ஒரு பிரிவில் புளியங்கொட்டையைப் பெட்டியில் பூட்டினால் மறு பிரிவில் சீட்டு கிடைக்கும். ஐந்து மாணவர்கள் சாட்சிகள். மூவர் கையொப்பம் இட்டால் போதும். இரண்டு நாள் ஒழுங்காக நடக்கட்டும். மூன்றாம் நாள் யாருக்கும் சொல்லாமல் மூன்று சாட்சிகளின் பேனாக்களை ஒரே மாணவனிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டி எப்போது காலியாகிறது, எத்தனை மணி நேரம் கழித்து வகுப்பு அதைக் கண்டுபிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பாடத்தை அவர்கள் ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார்கள்.

எங்கள் தெரு மாணவனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் யோசித்தான். பிறகு, "அப்படியென்றால் மாமா, என் டோக்கன் இன்னும் அந்தப் பக்கமே பூட்டிக் கிடக்கிறதா?" என்று கேட்டான்.

"ஆமாம்."

"அந்தப் பெட்டியின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?"

எனக்கு விடை தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து அந்தப் பாலத்தின் நிரலைப் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். நீங்களும் கேட்கத் தொடங்குங்கள்.